வரவறிந்து வாழ்தல்

திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் போகும் சாலையில் இருக்கும் பனவடலிசத்திரத்தின் பெயருக்குள் ஒரு மரத்தின் இளமைப் பருவம் இருக்கிறது. இன்னும் காய்ப்புக்கு வராத இளம்பனையைத்தான் வடலி என்கிறோம். வடலி வளர்ந்து முதல் பாளை விட 15, 20 ஆண்டுகள்கூட ஆகும். அப்படி ஆளாகி நிற்கும் ஒரு பனையின் அடிமரத்தைக் கிட்டத்தில் நின்று பார்த்தால், கருத்துச் சொரசொரத்த பரப்பில் சாம்பல் கலந்த வெள்ளைத் திட்டுகள் தேமல் மாதிரி வட்டவட்டமாகப் படர்ந்திருக்கும். நகத்தால் சுரண்டினால் மேல்பரப்பு மாவாக உதிரும்; அதற்கடியில் மெல்லிய பச்சை தெரியும். மரத்துக்கு வந்த நோய் என்று பலரும் நினைப்பார்கள். மரத்திலிருந்து அது எதையும் உறிஞ்சுவதில்லை, உட்கார இடம் மட்டுமே வாங்கியிருக்கிறது. பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்தும் கூட்டுக் குடித்தனமான லைக்கன் அது. இதே குலத்தைச் சேர்ந்த ஒன்று நம் அடுப்படி வரைக்கும் வந்திருக்கிறது. பிரியாணிக்கும் செட்டிநாட்டுக் குழம்புக்கும் மணம் கூட்ட, பட்டை, கிராம்போடு பலசரக்குக் கடையில் பொட்டலம் கட்டித் தரும் கல்பாசி ஒரு லைக்கன்தான். கடைக்கு வருவது பல இனங்களின் கலவை என்றாலும், அவற்றில் பெயர் பெற்றது பார்மோட்ரீமா பெர்லேட்டம் என்ற இனம்.

இந்தக் கல்பாசிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க, இந்தியாவில் இன்று எங்கும் இல்லாத ஒரு சிறு பிராணியை எடுத்துக்கொள்வோம். குட்டியை வயிற்றுப் பையிலோ பை போன்ற மடிப்பிலோ வைத்து வளர்க்கும் பைப்பாலூட்டிகளில் ஒன்றான ஆன்ட்டிகைனஸ் அது. குஜராத்தின் சூரத் மாவட்டத்தில் வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில், சுமார் 5.4 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய படிவுகளிலிருந்து பைப்பாலூட்டியின் பற்கள் எடுக்கப்பட்டிருக்கின்றன. அதற்குப் பின் அந்த வம்சம் இந்த மண்ணில் நிலைக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் காடுகளில் வாழும் ஆன்ட்டிகைனஸைப் பார்க்கும் தமிழர் எவரும் மூஞ்சூறு என்றே சொல்வார்: கூரிய மூக்கு, துறுதுறுத்த ஓட்டம், பூச்சியும் சிலந்தியும் தீனி, உள்ளங்கைக்குள் அடங்கும் உடம்பு. மூஞ்சூறோடு அதற்கு உறவு கிடையாது. அதன் ஆண்கள் அத்தனையும் முதல் பிறந்தநாளைப் பார்க்காமலே, ஏறக்குறைய ஒரே சமயத்தில் செத்துப்போகின்றன. லைக்கனுக்கோ நூறு ஆண்டு பெரிய காரியமில்லை. ஆர்க்டிக் பகுதிப் பாறைகளிலும் உயர்ந்த மலைகளிலும் வளரும் ரைசோகார்ப்பான் என்ற நிலப்பட லைக்கனில் ஆயிரம் ஆண்டைத் தாண்டியவையும் உண்டு.

ஒன்று பதினோரு மாதம், இன்னொன்று ஆயிரம் ஆண்டு. இந்த வேறுபாட்டைக் கேட்டதும் உறுதியானது நீடிக்கிறது, நோஞ்சான் சீக்கிரம் போகிறது என்று சொல்லத் தோன்றும். அந்த விளக்கம் தவறு என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். ஓர் உயிர் தன் வாழ்வை ஒரே மூச்சில் செலவழிக்கிறதா, துளித்துளியாகச் செலவழிக்கிறதா என்பது அதன் வரவு எப்படி வருகிறது என்பதைப் பொறுத்தது. நெல்லைச் சீமைக்காரருக்கு இது புதிதாக இருக்காது. தாமிரபரணிப் பாசனத்தில் இருப்பவர் கார் என்றும் பிசானம் என்றும் தண்ணீர் வரும் மாதத்தைச் சொல்லிவைத்து நாற்றுப் பாவுகிறார். கையில் உள்ளதையெல்லாம் அந்த ஒரு போகத்தில் இறக்கத் துணிகிறார். பனவடலிசத்திரத்தின் மானாவாரிக் காட்டில் கதை வேறு. தென்மேற்குப் பருவமழையை மேற்குத்தொடர்ச்சி மலை மறித்துக்கொள்ள, செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று காற்றாலைகளைச் சுற்றிவிட்டுப் போகிறது. நம்பியிருப்பது ஐப்பசி, கார்த்திகை மழையை. அதுவும் வந்தால் உண்டு. இங்கே பிழைப்பவர் ஒரு மழையை நம்பி எல்லாவற்றையும் இறக்க மாட்டார். ஆன்ட்டிகைனஸ் பாசனக்காரர் கணக்கில் வாழ்கிறது, லைக்கன் மானாவாரிக்காரர் கணக்கில் வாழ்கிறது.

முதலில் பாசனக்காரர் கணக்கு. ஆன்ட்டிகைனஸ் இணைசேரும் பருவம் ஆஸ்திரேலியக் குளிர்காலத்தின் கடைசியில் வருகிறது; ஓரிடத்தில் அது இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடிப்பதில்லை. பகல் எந்த வேகத்தில் நீள்கிறது என்பதை உடம்பு உணர்ந்துகொள்வதால், அங்குள்ள பெண்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நாட்களில் கருவுறத் தயாராகின்றன. ஆண்களின் உடம்பில் அதற்கு முன்பே விந்து உற்பத்தி நின்றுவிட்டிருக்கும்; சேர்த்து வைத்திருப்பதுதான் முதலும் கடைசியுமான இருப்பு. பின்பு ஓயாத ஓட்டம். ஒரு கலவி பல மணி நேரம் நீள்கிறது. இந்த நாட்களில் ஆண்கள் தூக்கத்தில் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் போலக் குறைத்துக்கொள்வதாக 2024இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. ரத்தத்தில் ஆண்மைச் சுரப்பு ஏறியிருக்கிறது. கூடவே நெருக்கடிக் காலச் சுரப்பான கார்ட்டிசாலும் ஏறுகிறது. சாதாரண நாட்களில் கார்ட்டிசாலைப் பிடித்து அடக்கிவைக்கும் புரதம் இப்போது குறைந்துவிடுவதால் அது கட்டவிழ்ந்து வேலை செய்கிறது. தசையைக் கரைத்து அந்த ஓட்டத்துக்குச் சர்க்கரை தருவதும் அதுதான், நோயெதிர்ப்பைக் கலைப்பதும் அதுதான். குடலில் புண் விழுந்து ரத்தம் கசிகிறது, ஒட்டுண்ணிகள் பெருகுகின்றன, ரோமம் கொட்டுகிறது. சில நாட்களில் காட்டில் ஓர் ஆண்கூட மிஞ்சுவதில்லை. ஆனால் இணைசேரும் பருவத்துக்கு முன்பே பிடித்துத் தனியே அடைத்து வைத்த ஆண்கள் அடுத்த ஆண்டையும் கண்டிருக்கின்றன. ஆக, அந்த உடம்பு பதினோரு மாதத்துக்கு மட்டும் செய்யப்பட்ட மட்டமான சரக்கில்லை. ஓடும் உடம்பை ஆண் ஒரு காரியத்துக்காக முழுதாகச் செலவழித்துவிடுகிறது.

எந்தக் காரியத்துக்காக? பிறக்கப்போகும் குட்டிகளுக்குத் தீனியை விட்டுக்கொடுக்கவே அப்பன்மார் சாகிறார்கள் என்று ஒரு விளக்கம் வெகுகாலம் புழங்கியது. கேட்க நன்றாக இருக்கிறது, கணக்குத்தான் இடிக்கிறது. ஒரே ஈற்றில் பல தகப்பன்களின் குட்டிகள் இருக்கும். அப்படியிருக்க, மற்றவர் பிள்ளைக்காகச் சாகும் ஆணின் குணம் வம்சத்தில் தங்காது. சாகாமல் அடுத்த ஆண்டும் இணைசேரும் ஆணின் குணம்தான் பெருகும். குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் டயானா ஃபிஷரும் அவருடன் பணியாற்றியவர்களும் 2013இல் வேறொரு விடை சொன்னார்கள். பூச்சி தின்னும் பைப்பாலூட்டிகள் பலவற்றை ஒப்பிட்டபோது, ஆண்டுதோறும் பூச்சிகள் தவறாமல் ஒரே காலத்தில் பெருகும் இடங்களில் இணைசேரும் பருவம் சுருங்குவதும், அந்த இடங்களிலேயே ஆண்களின் சாவு கூடுவதும் தெரிந்தது. தாய்க்குப் பால் அதிகம் வேண்டிய நாட்களும் குட்டி பால் மறக்கும் நாட்களும் பூச்சி மிகுந்த கோடையில் விழ வேண்டும். அதற்காகப் பெண்கள் நாள் குறித்துக்கொள்கின்றன. ஒரே வாரத்தில் எல்லாப் பெண்களும் தயாரானால் ஆண்களுக்குள் போட்டி உச்சிக்கு ஏறும். சண்டை போட்டு வெல்வதைவிட, அதிக விந்தைக் கொண்டுசேர்ப்பவனே வெல்லும் போட்டி அது. அடுத்த ஆண்டுக்கென்று எதையாவது மிச்சம் பிடித்த ஆண் இந்த ஆண்டே தோற்றுவிடும்.

வரவின் ஒழுங்குதான் காரணம் என்றால், அதே காட்டில் அதே பூச்சியைத் தின்னும் பெண்களும் ஏன் கூண்டோடு சாகவில்லை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பெண்களில் சில இரண்டாம் ஆண்டும் குட்டி போடுகின்றன. விடை செலவு இருக்கும் இடத்தில் இருக்கிறது. பெண்ணின் செலவு பிரசவத்தோடு முடிவதில்லை. அரிசிமணிகூட இல்லாத எடையில், ஒரு கிராமில் அறுபதில் ஒரு பங்குபோலப் பிறக்கும் குட்டிகள் முலையைக் கவ்விச் சுமார் ஐந்து வாரம் தொங்கும். பின்பு கூட்டில் கிடந்து பால் குடிக்கும். கலவியோடு செத்துப்போகும் தாய்க்கு வம்சமே இருக்காது. ஆணின் செலவோ அந்த மூன்று வாரத்தில் முடிந்துவிடுகிறது; அதன்பின் அது உயிரோடு இருப்பதால் அதன் பிள்ளைகளுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஒழுங்கான வரவு பெண்களுக்கு நாள் குறிக்கிறது, பெண்கள் குறித்த நாள் ஆண்களின் விதியை எழுதுகிறது. நிரூபிக்க வந்ததை இந்த விதிவிலக்கு கெடுக்கவில்லை, எந்த வழியாக நடக்கிறது என்பதைக் காட்டித்தருகிறது.

இனி மானாவாரிக்காரர் கணக்கு. கடையில் வாங்கிய கல்பாசித் துண்டு ஒன்றை விரலுக்கிடையில் எடுத்தால் காய்ந்த சருகு மாதிரி இருக்கும்: மேலே சாம்பல், கீழே கருப்பு, ஓரங்கள் சுருண்டு, அழுத்தினால் படக்கென்று நொறுங்கும். அதைத் தண்ணீரில் போட்டால் சில நிமிடத்தில் தோல் போலத் துவண்டுவிடும். மரத்தில் உயிரோடு இருக்கும் லைக்கனில் இதே ஈரம் இன்னொரு வேலையும் செய்கிறது. நனைந்ததும் மேல்தோல் ஒளிபுகும் தன்மை பெற்று, உள்ளே இருக்கும் பாசியின் பச்சை வெளியே தெரிகிறது. சில நிமிடங்களில் ஒளிச்சேர்க்கை தொடங்குகிறது. பாசி சர்க்கரைச் சத்தைச் செய்து தர, பூஞ்சை அதை உண்டு குடியிருப்பைக் கட்டிக்காக்கிறது. லைக்கனுக்கு வேர் இல்லை, தண்ணீரைப் பிடித்துவைக்கும் மெழுகுத் தோலும் இல்லை. வெயில் ஏறினால் அப்படியே காய்ந்து, மூச்சும் வளர்ச்சியும் நின்று, அடுத்த ஈரம் வரும்வரை காத்துக் கிடக்கும். ஜெர்மன் தாவரவியலர் ஒட்டோ லாங்கே நெகேவ் பாலைவனத்தில் செய்த அளவீடுகள், இரவுப் பனியில் நனைந்த லைக்கன் விடிந்தபின் கொஞ்ச நேரம் உழைத்துவிட்டு, வெயில் ஏறியதும் கடையடைத்துவிடுவதைக் காட்டின. கார்த்திகை, மார்கழிப் பனியில் நனையும் பனைமரத்துத் திட்டும் அந்த வகைப் பிழைப்பைத்தான் நடத்துகிறது.

காத்திருக்கும் இந்தத் திறமை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு விண்வெளியிலிருந்தே சான்று உண்டு. சாந்தோரியா எலிகன்ஸ் என்ற செம்மஞ்சள் லைக்கனைச் சர்வதேச விண்வெளி நிலையத்தின் வெளிப்புறத்தில் சுமார் ஒன்றரை ஆண்டு பொருத்திவைத்தார்கள். காற்றில்லாத வெறுமையையும் கதிர்வீச்சையும் தாங்கி, 2009இல் பூமிக்குத் திரும்பிய அதன் ஒரு பகுதி மீண்டும் ஒளிச்சேர்க்கை செய்தது. இதைப் படித்துவிட்டு லைக்கனை அழியாத மாவீரன் என்று எண்ணிவிடக் கூடாது. அதன் வரவுசெலவு மிக இறுக்கமானது. காய்ந்த லைக்கன் நனைந்தவுடன் முதலில் நடப்பது செலவு: பழுது பார்க்கவும் மூச்சுவிடவும் சேமித்த சர்க்கரை கரைகிறது. அதை ஈடுகட்டும் முன்பே மறுபடி காய்ந்துபோனால் முதலுக்கே மோசம். ஆண்டு முழுவதையும் கூட்டினாலும் லாபம் துளிதான். அதனால்தான் நிலப்பட லைக்கன் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளர்வதில்லை. அந்த மந்தமே மனிதருக்கு உதவியது. 1950இல் ரோலாண்ட் பெஷல் என்ற ஆஸ்திரியர், பாறைமேல் உள்ள லைக்கன் வட்டத்தின் அகலத்தை அளந்து, பனியாறு பின்வாங்கி அந்தப் பாறை வெளிப்பட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று சொல்லும் முறையை வகுத்தார். இமயமலையிலும் அந்த முறை பயன்பட்டிருக்கிறது.

வரவின் ஒழுங்கு மட்டும் போதாது, கணக்கில் இன்னொரு பத்தியும் உண்டு. 1954இல் லாமாண்ட் கோல் என்ற அமெரிக்கச் சூழலியலர் ஒரு புதிரைப் போட்டார். ஆண்டுக்கு 100 வாரிசுகளைத் தந்துவிட்டுத் தானும் சாகாமலே இருக்கும் உயிர் ஒன்று. 101 வாரிசுகளைத் தந்துவிட்டு உடனே செத்துவிடும் உயிர் இன்னொன்று. இரண்டும் ஒரே வேகத்தில்தான் பெருகும். ஒரே ஒரு குட்டி கூடினால் சாகாவரத்துக்குச் சமம் என்றால், உலகில் எதற்கு இத்தனை நீண்ட ஆயுள்? 1973இல் சார்னாவும் ஷாஃபரும் முடிச்சை அவிழ்த்தார்கள். பிறந்த குட்டியும் முதிர்ந்த தாயும் அடுத்த ஆண்டைப் பார்க்கும் வாய்ப்பு சமம் என்று கோல் வைத்துக்கொண்டதில்தான் கோளாறு. முதிர்ந்ததன் பிழைப்பு வாய்ப்பைக் குஞ்சின் பிழைப்பு வாய்ப்பால் வகுத்தால், சாவை ஈடுகட்ட எத்தனை வாரிசு கூடுதலாக வேண்டும் என்பது கிடைக்கும். உதாரணத்துக்கு இரண்டுக்கும் பத்தில் ஒன்று என்று வைத்துக்கொண்டால், ஒரே ஒரு குட்டி கூடினால் போதும். முதிர்ந்தது நூறில் 99 முறை பிழைக்கிறது, குஞ்சு 10 லட்சத்தில் ஒன்றுதான் தேறுகிறது என்றால், 9 லட்சத்து 90 ஆயிரம் வாரிசுகள் கூடுதலாக வேண்டும். லைக்கன் இந்த இரண்டாம் வகை. அதன் பூஞ்சை வித்து காற்றில் போய் விழும் இடத்தில் பொருத்தமான பாசி ஏற்கெனவே இருக்க வேண்டும். அந்தச் சங்கடத்தைக் குறைக்கத்தான் கல்பாசி இனம் தன் ஓரங்களில் பூஞ்சை இழையும் பாசியும் சேர்த்துச் சுற்றிய மாவுப் பொடிகளை வெளியே விடுகிறது. பிரயாணத்துக்குக் கட்டுச்சோற்று மூட்டை போல. அப்படியும் பெரும்பாலானவை தேறுவதில்லை. குடியேறுவது இத்தனை கஷ்டமென்றால், குடியேறியதை விடாமல் பிடித்திருப்பதே புத்தி. சிறிய உடம்போடு, பாம்புக்கும் ஆந்தைக்கும் நடுவே ஓடும் ஆண் ஆன்ட்டிகைனஸுக்கு அடுத்த ஆண்டு என்பது எப்படியும் நிச்சயமில்லாத சரக்கு. அதற்காக முடக்கும் முதல் வீண்.

இந்த ஒப்பீட்டுக்கே ஒரு பெரிய ஆட்சேபம் வரலாம். ஆன்ட்டிகைனஸ் ஒரு தனி உயிர், லைக்கனோ கும்பல். 1860களின் கடைசியில் சைமன் ஷ்வெண்டனர் என்ற சுவிஸ் தாவரவியலர் லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் சேர்ந்தது என்று சொன்னபோது, அக்காலத்து லைக்கன் நிபுணர் வில்லியம் நைலாண்டர் உள்ளிட்ட பலர் அதை ஏற்கவில்லை. 2016இல் டோபி ஸ்பிரிபில் குழுவினர் சில லைக்கன்களின் மேல்தோலில் இன்னொரு வகை ஈஸ்ட்டும் குடியிருப்பதைக் காட்டினார்கள். கும்பலின் வயதையும் தனியாளின் வயதையும் ஒரே தராசில் வைக்கலாமா? வயதை மட்டும் வைத்தால் கூடாது. தோட்டத்து வாழையைப் பாருங்கள்: குலை தள்ளிய மரம் சாகிறது, பக்கக்கன்று எழுகிறது, ‘வாழையடி வாழை’ என்று வாழ்த்துகிறோம். அங்கே செத்தது எது, நீடித்தது எது? அதனால்தான் இங்கே தராசில் வைப்பது ஆண்டுகளின் எண்ணிக்கையை அல்ல, செலவழிக்கும் முறையை. தாளிப்பனை 30 முதல் 80 ஆண்டுவரை சேமித்து, ஒரே முறை பூத்துச் சாகிறது. 12 ஆண்டு காத்து 2018இல் பூத்த நீலக்குறிஞ்சியும் அப்படித்தான். வயதில் அவை ஆன்ட்டிகைனஸைவிடப் பல மடங்கு மூத்தவை, முறையில் அதன் கூட்டாளிகள். பனவடலிசத்திரத்துப் பனையோ வடலிக்காலம் தாண்டியபின் ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து நூறு ஆண்டைத் தொடுகிறது. அது தன் மேல் உட்கார்ந்திருக்கும் லைக்கனின் கட்சி.

உயிர்களை இப்படி இரண்டு கட்சியாகப் பிரிப்பது மிகை என்றும் சொல்லலாம். அதில் உண்மையும் இருக்கிறது. அவசரக்காரனான ஆன்ட்டிகைனஸுக்கும் காத்திருக்கத் தெரியும். காட்டுத்தீ எரித்துப்போன இடங்களில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அவற்றின் உடல் வெப்பத்தை அளந்தபோது, தீனி இல்லாத நாட்களில் அவை உடம்பைக் குளிரவிட்டு, மணிக்கணக்கில் மரத்துக் கிடந்து செலவைக் குறைப்பது தெரிந்தது. லைக்கன் காய்ந்து கிடப்பதற்கு இது தூரத்து உறவு. ஆனால் மரத்துக் கிடக்கும் ஆன்ட்டிகைனஸும் மூச்சு விட்டுக்கொண்டே, கொழுப்பை எரித்துக்கொண்டேதான் கிடக்கிறது. கடையை முழுதாக மூட அதற்கு வழியில்லை. மேலும் பஞ்சத்தில் சிக்கனம் பிடிக்கிற அதே உடம்புதான் ஆவணி வந்ததும் இருப்பையெல்லாம் கொட்டிவிடுகிறது. வரவு நிச்சயமில்லாத இடத்தில் சேமிப்பு, நிச்சயமான இடத்தில் செலவு என்ற விதியை ஒரே உடம்பு இரண்டு பருவத்தில் கடைப்பிடிக்கிறது என்றால், அந்த விதிக்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஒவ்வொரு முறைக்கும் அதன் விலை உண்டு. அந்த விலையை இன்று வசூலிப்பவர்கள் நாம். ஆண்களெல்லாம் செத்து, குட்டிகள் வளரும்வரை, ஆன்ட்டிகைனஸ் காட்டில் வளர்ந்த ஆண் ஒன்றுகூட இருக்காது. இனத்தின் அடுத்த தலைமுறை ஆண்கள் அத்தனையும் தாய்களின் மடியிலும் கூட்டிலும் இருக்கும். பூச்சிகள் நாள் தவறினாலோ அந்த வாரங்களில் தீ புகுந்தாலோ, தாங்கிப்பிடிக்கப் போன ஆண்டின் ஆண் எதுவும் மிச்சமில்லை. லைக்கனுக்கு வறட்சி பயமில்லை, அழுக்கு பயமுண்டு. காற்றிலிருந்தே எல்லாம் வாங்கும் உடம்பு நஞ்சையும் சேர்த்தே வாங்குகிறது, உதறித்தள்ள உதிரும் இலைகூட அதற்கில்லை. பாரிஸின் லக்சம்பர்க் தோட்டத்து லைக்கன்களைக் கொண்டு காற்றின் தூய்மையை அறியலாம் என்று 1866இல் எழுதியவர், ஷ்வெண்டனரை ஏற்க மறுத்த அதே நைலாண்டர்தான். கல்பாசிக்கு இன்னொரு ஆபத்தும் சேர்கிறது. ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் வளரும் ஒன்றைக் காட்டு மரத்திலிருந்து உரித்து மூட்டைமூட்டையாகச் சந்தைக்கு அனுப்புகிறோம். மானாவாரிக்காரர் பல ஆண்டு சிறுகச்சிறுகச் சேர்த்த தானியக் களஞ்சியத்தை, பாசனக்காரர் அறுவடை செய்யும் வேகத்தில் காலி செய்வது அது. குழம்பில் போடும் ஒரு சிட்டிகை, ஒரு மரக்கிளையில் எத்தனை மழைக்காலம் நனைந்து காய்ந்து சேர்ந்தது என்று கணக்குப் பார்த்தால், கையிலிருக்கும் பொட்டலத்தின் எடை சட்டென்று கூடிவிடுகிறது.